நிற்கும் வண்டிக்குப் புகை இல்லை

ஒரு சோப்புக் கட்டி ஃபாக்டரியை விட்டுக் கிளம்பி, லாரி ஏறி, குடோனில் இறங்கி, அங்கிருந்து சின்ன வண்டிக்கு மாறி, தெருமுனை மளிகைக் கடையில் போய் உட்காருவதற்குள் ஊர்க் காற்றில் எவ்வளவு புகை சேருகிறது? இதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் கமர் ஜஹானுக்கு வேலை. சொன்னால் சிரிப்பார்கள். திருவல்லிக்கேணியில் அவள் குடியிருந்த சந்தில் சிரிக்காத ஆளே கிடையாது. "சோப்பு போட்டா நுரை வரும், புகை எங்கேருந்து வரும்?" என்று பக்கத்து வீட்டு ஜைதூன் பீ பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்த பெண், தெருவில் நின்று வண்டி எண்ணுகிறாளே என்று சொந்தக்காரர்களுக்கு வருத்தம் வேறு.

சிரிக்க ஒன்றும் இல்லை என்பது தொண்ணூற்றேழாம் வருஷம் நவம்பரில், மழை ஊற்றிய ஒரு வியாழக்கிழமை தெரிந்தது. அன்றைக்கு அவள் தன் ஆறு வயது மகள் சிம்ராவைக் குடோனுக்கு அழைத்துப் போயிருக்கக் கூடாது. வேறு வழியில்லாமல்தான் அழைத்துப் போனாள். ஆனாலும் போயிருக்கக் கூடாது.

அவளுக்கு வேலை கொடுத்தவர் ராமானுஜம். அரசாங்க ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் தன் வீட்டு மாடியிலேயே மேஜை போட்டு, கம்பெனிகளுக்குக் காற்று, தண்ணீர், கழிவு என்று அறிக்கை எழுதித் தரும் மனிதர். நல்லவர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். பம்பாயில் இருக்கிற ஒரு சோப்புக் கம்பெனிக்கு வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்திருந்தது: நம் சரக்கைக் கடைக்குக் கொண்டுபோவதில் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு கெடுதல்? பம்பாய்க்காரர்கள் மதராஸ் பங்கை ராமானுஜத்தின் தலையில் கட்டினார்கள். அவர் கமரின் தலையில் கட்டினார்.

வேலை செய்யும் முறை ஒன்றும் பிரமாதமில்லை. எந்த வண்டி, எத்தனை எடை, எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் அட்டவணை இருக்கும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் லாரி இத்தனை கிராம் நச்சு விடும், வேன் இத்தனை கிராம் விடும் என்று. பெருக்கிக் கூட்டினால் தீர்ந்தது. அந்தப் புத்தகத்தை எழுதிய புண்ணியவான் நம்மூர் மீன்பாடி வண்டியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில் பழைய மொபெட் எஞ்சினைப் பிடுங்கிப் பொருத்தி, பெட்ரோலோடு மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, நம்பர் பிளேட்டும் இல்லாமல் தி. நகர் சந்துகளில் பறக்கிற வண்டி அது. "அதை மொபெட்னு போட்டுண்டு, கொஞ்சம் கூட்டி வெச்சுக்கோம்மா" என்றார் ராமானுஜம். அதுவும் சரிதான்.

அப்புறம் கமர் கேட்டாள். "சார், எஞ்சினை ஓடவிட்டு சும்மா நின்னுட்டிருக்கிற வண்டிக்கு என்ன போடறது?"

ராமானுஜம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "டேபிள் கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னுதானே இருக்கு? நின்னுண்டிருக்கற வண்டி ஓடற தூரம் சைபர். சைபரால எதைப் பெருக்கினாலும் சைபர்தானே? அப்படியே போட்டுடு."

கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள்! கமரும் தலையாட்டினாள். அதோடு விட்டாளா? வீட்டில் மகளுக்கு விளையாட்டாகவும் சொல்லிக்கொடுத்தாள். பால்கனியில் இருவரும் நின்றால், ஓடுகிற வண்டிக்கு டிக், நிற்கிற வண்டிக்கு முட்டை. சிம்ராவுக்கு முட்டை போடுவதில் கொள்ளை ஆசை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு யாராவது முட்டை போட்டால் அழுவாள். வண்டிகளுக்கு இவள் போடலாம் அல்லவா?

வெள்ளிக்கிழமை அறிக்கை பம்பாய்க்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்திருந்தது. மழை நாளில் குடோனிலிருந்து சரக்கு எப்படிப் போகிறது என்பது மட்டும் பாக்கி. புதன் சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது ராமானுஜம் ஜன்னலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "நாளைக்குப் போய்ப் பாத்து எழுதிண்டு வந்துடு. முடிஞ்சுது."

வியாழன் காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட ராயப்பேட்டை போனால் கேட் சாத்தியிருந்தது. குடைக்குள் சுருண்டு நின்ற வாட்ச்மேன், "லீவு விட்டுட்டாங்கம்மா. ரேடியோல சொன்னாங்களே, கேக்கல?" என்றான். கேட்கவில்லை. எழுந்ததிலிருந்து கரண்ட் இல்லை, எந்த ரேடியோவைக் கேட்பது? வீட்டுக்குத் திரும்பினால் குழந்தையை விட ஆளில்லை. ஜைதூன் பீ அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருந்தாள். கணவன் ஹம்மாத் ஒரு தோல் பை கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவன். அந்த வாரம் பெங்களூரில் இருந்தான். "அம்மி, நானும் வண்டி எண்ண வரேன்" என்று நீல ரெயின்கோட்டுக்குள்ளிருந்து சிம்ரா குதித்தாள். கமர் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு தி. நகர் பஸ்ஸில் ஏறினாள்.

குடோன் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தில் இருந்தது. பழைய கட்டிடம். முன்பக்கம் அகலமான இரும்பு ஷட்டர், அதன் பக்கத்தில் ஆள் நுழைய, இரண்டு படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கதவு. பின்சுவரில் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. சோப்பும் சோப்புத் தூளும் ஷாம்பூவும் அட்டைப்பெட்டிகளில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மேற்பார்வைக்கு நாகராஜ் என்பவர். எதற்கெடுத்தாலும் பதறுகிற ஆசாமி. மூட்டை தூக்கும் ஆட்களுக்குத் தலைவன் வைரவன்.

"மேடம், மழைல குழந்தைய இஸ்துகினு வந்துகிறீங்களே" என்றார் நாகராஜ். "கீழ எல்லாம் ஈரம். பரண் மேல ஏத்தி உக்கார வைங்க, நல்லா வெதுவெதுன்னு இருக்கும்."

பலகை அடித்த பரண் ஒன்று ஷட்டருக்கு எதிர்ச்சுவர் ஓரம் இருந்தது. மேலே காலி அட்டைகளைப் பரப்பி, சாப்பாட்டு டப்பாவையும் படக்கதைப் புத்தகத்தையும் கொடுத்து, கமர் மகளை ஏணி வழியாக ஏற்றிவிட்டாள். மேலிருந்து பார்த்தால் உள்ளே நுழைகிற வண்டியெல்லாம் தெரியும். சிம்ராவுக்கு ராணி மாதிரி நினைப்பு.

அப்போது சரக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட இருந்தார் இனாயத் பாய். மீர்சாகிப்பேட்டைக்காரர், மீன்பாடி ஓட்டுகிறவர், கணக்கெடுக்க வந்த நாளிலிருந்தே கமருக்குப் பழக்கம். அவளைப் பாஜி என்பார், அக்கா என்று அர்த்தம். "என்ன பேட்டி, இன்னிக்கு நீதான் ஆபீஸரா?" என்று மேலே பார்த்துச் சலாம் வைத்தார். சிம்ராவும் வைத்தாள். அவர் அடையாறு கடைகளுக்குப் போடக் கிளம்பினார். கமர் எதிர்ப்புறம் டீக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் போய் நின்றுகொண்டாள். அங்கே நின்றால்தான் சந்துக்குள் வருகிறதும் போகிறதும் ஒழுங்காகத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மழை சாய்ந்து அடிக்க ஆரம்பித்தது. சாரல் நேராகக் குடோனுக்குள் போயிற்று. "பெட்டி நனையுது! பெட்டி நனையுது!" என்று நாகராஜ் கத்தினார். வெளியே வரிசையில் நின்ற மீன்பாடிகளை எல்லாம் உள்ளே தள்ளச் சொன்னார். ஏற்றுவதை உள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம், நனையாது. வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே போயின. ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கினார்கள்.

கமர் கையில் இருந்த தாளில் அந்த வண்டிகளுக்கு நேராக ஒரு முட்டை போட்டாள். நிற்கிற வண்டிகள். ஷட்டருக்கு அடியிலிருந்து எஞ்சின்களின் படபட சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் காது அதை வாங்கியது, மனம் வாங்கவில்லை. கண் சந்து முனையிலேயே இருந்தது, அடுத்து எது ஓடி வருகிறது என்று.

"அம்மி!" என்று உள்ளேயிருந்து சிம்ரா கத்தினாள். "எல்லாமே முட்டை!"

கமர் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

சந்தில் தண்ணீர் ஏறியது. கணுக்காலுக்கு வந்தது, பிறகு முட்டியை எட்டப் பார்த்தது. தெருவிளக்குக் கம்பத்துப் பெட்டியில் நீலமாக ஒரு பொறி பறந்து, டீக்கடை ரேடியோ பாதிப் பாட்டில் அணைந்தது. கரண்ட் போய்விட்டது. குடோன் ஃபேனும் நின்றிருக்கும் என்று யாருக்குத் தோன்றியது? ஒருத்தருக்கும் இல்லை. நாகராஜுக்கு ஒரே கவலைதான், தண்ணீர் உள்ளே வந்தால் அடி வரிசைப் பெட்டியெல்லாம் போச்சு. ஷட்டரைத் தரைவரை இறக்கினார்கள். உள்பக்கம் மணல் மூட்டையும் கோணிச்சாக்கும் போட்டு அடைத்தார்கள். பெட்டிக்குப் பாதுகாப்பு. ரொம்ப நல்ல பாதுகாப்பு!

கமர் சின்னக் கதவு வரைக்கும் நீரில் நடந்து போய் எட்டிப் பார்த்து, "சிம்ரா என்ன பண்றா?" என்று கேட்டாள். ஒரு டார்ச் வெளிச்சம் பரணை நோக்கிப் போய்த் திரும்பியது. "தூங்குதும்மா பாப்பா" என்று யாரோ சொன்னார்கள். விடியற்காலையிலேயே எழுந்த குழந்தை, மழைக் குளிர், தூங்கட்டும் என்று அவள் திரும்பி வந்தாள். சாரல் அடிக்கிறது என்று கதவையும் இழுத்துச் சாத்தினாள்.

அவளேதான் சாத்தினாள்.

டீக்கடையில் இன்னொரு டீயை வாங்கி அவள் பாதி குடித்திருப்பாள். எதிரே சின்னக் கதவு திறந்து வைரவன் வெளியே வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தான். குனிந்து, ஓடுகிற மழைத்தண்ணீரிலேயே வாந்தி எடுத்தான்.

"பாத்தியா, காலைல அந்தக் கையேந்திபவன்ல தின்னான், அதான்" என்றார் டீக்கடைக்காரர்.

"வயிறு இல்ல நைனா" என்றான் வைரவன். கண்கள் சிவந்து, சொல் குழறியது. "தலைதான். யாரோ கட்டையால அடிச்சா மாரி கீது. உள்ள எல்லாத்துக்கும் அப்டிதான் கீது. நாகராஜ் சார் டேபிள் மேல சாஞ்சி உக்காந்துகினு எவ்ளோ கூப்ட்டாலும் ஊம் கொட்டிக்கினு கீறாரு."

டீ கிளாஸ் கமரின் கையில் அசையாமல் நின்றது. "உள்ளே போன வண்டியெல்லாம் இன்னும் உள்ளேதான் இருக்கா?"

"ஆறோ ஏழோ, எல்லாம் உள்ளதான் கீது."

"எஞ்சின்?"

"இன்னாமா கேக்குற? ஓடிக்கினுதான் கீது. மழை நாளுல ஆஃப் பண்ணா மறுபடி எடுக்குமா? பிளக்குல தண்ணி பூந்துச்சுன்னா உதைச்சி உதைச்சி காலுதான் போவும்."

 பெட்ரோல் அரைகுறையாக எரிந்தால் என்ன வரும் என்று கமருக்குத் தெரியாதா? மாதக் கணக்கில் அதைத்தானே கிராம் கிராமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்! கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் காற்று உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். தூங்குதும்மா பாப்பா. தூங்குதும்மா பாப்பா. யா அல்லாஹ், அது தூக்கம் இல்லை!

கிளாஸ் எங்கே விழுந்தது, சந்தை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீரில் ஒரு முறை விழுந்து எழுந்தாள். "ஷட்டரைத் திற! வைரவா, ஷட்டரைத் திற!" என்று கத்திக்கொண்டே சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

உள்ளே கும்மிருட்டு. கண் எரிந்தது. அத்தனை எஞ்சின்களும் அந்த இருட்டில் பொறுமையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ஆள் மூட்டை மேல் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் வண்டியின் கைப்பிடி மேல் நெற்றியை வைத்திருந்தான். "எல்லாரும் வெளியே போங்க! எஞ்சினை நிறுத்துங்க!" என்றாள். யாரும் அசையவில்லை. அவர்களுக்குக் கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. கமர் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு பரணைத் தேடினாள். பெட்டி வரிசையில் மோதினாள். ஏணி கைக்கு அகப்படவில்லை. இங்கேதானே இருந்தது, இங்கேதானே வைத்தார்கள்? அய்யோ, யாராவது நகர்த்திவிட்டார்களா? அவள் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். ஏணி கையில் இடித்தது.

பரண் மேலே இன்னும் வெப்பம், இன்னும் மூட்டம். சிம்ரா பக்கவாட்டில் சுருண்டு படுத்திருந்தாள். புத்தகம் மார்பின் மேல் திறந்திருந்தது. "சிம்ரா! சிம்ரா பேட்டா!" உலுக்கினாள். தலை பொம்மைத் தலை போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. கமர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். தன் கால்களும் தன்னுடையவை இல்லாத மாதிரி துவண்டன. இறங்கிவிடு, இன்னும் ஒரு படி, விழுந்துவிடாதே, விழுந்தால் இரண்டு பேரும் இங்கேயேதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

அந்நேரம் அவள் பின்னாலேயே உள்ளே வந்த வைரவன் மணல் மூட்டைகளைக் காலால் உதைத்துத் தள்ளி, ஷட்டரை முதுகு கொடுத்துத் தூக்கினான். வெளிச்சம் வந்தது. கூடவே சந்துத் தண்ணீர் மொத்தமும் உள்ளே பாய்ந்தது. அடி வரிசைப் பெட்டிகள் ஊறிச் சரிந்தன, சோப்புத் தூள் பைகள் கிழிந்தன. வண்டிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் குடித்து அணைந்தன. வைரவன் நாகராஜை அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்து எதிர் வீட்டுப் படியில் போட்டுவிட்டு, மறுபடியும் உள்ளே போனான். சந்து முழுக்க வெள்ளை வெளேரென்று நுரை பொங்கிற்று.

அந்த நுரைக்கு நடுவில் கமர் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பகல் வெளிச்சத்தில் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். வெளுத்திருக்கும் என்று பயந்தாள். வெளுக்கவில்லை. கன்னமும் உதடும் நன்றாகச் சிவந்து, என்றைக்கும் இல்லாத ஆரோக்கியமாகத் தெரிந்தது. கமர் அதற்குத்தான் ஓவென்று அலறினாள். அந்த நச்சு ரத்தத்தில் ஏறினால் முகம் அப்படித்தான் சிவக்கும் என்று அவள் படித்திருந்தாள்.

மூச்சு இருந்தது. இழை போல இருந்தது. "ஆட்டோ! ஆட்டோ கூப்பிடுங்க!" எந்த ஆட்டோ வரும்? முட்டியளவு தண்ணீரில் ஒரு ஆட்டோவும் சந்துக்குள் வராது. "துரைசாமி சப்வே முழுகிடுச்சும்மா, மெயின் ரோட்டுல எதுவும் நகரல" என்று டீக்கடைக்காரர் கையைப் பிசைந்தார். உள்ளே இருந்த மீன்பாடிகள் செத்துக் கிடந்தன. தூக்கிக்கொண்டு ஓடினால்? ஓடத்தான் முடியுமா இந்தத் தண்ணீரில்?

அப்போது சந்து முனையில் படபடவென்று ஒரு சத்தம். அடையாற்றிலிருந்து காலி வண்டியோடு திரும்பி வந்தார் இனாயத் பாய். சைலன்சரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கயிற்றால் கட்டியிருந்தார். காலையில் கிளப்பிய எஞ்சினை அவர் எங்கேயும் நிறுத்தவில்லை. கடைக்குக் கடை இறங்கினபோதும், டீ குடித்தபோதும் நிறுத்தவில்லை.

பார்த்தார். முன் பலகையைக் காட்டினார். "ஏறு பாஜி."

கமர் முன் பலகையில் ஏறி உட்கார்ந்து மகளை மடியில் கிடத்திக்கொண்டாள். வண்டி தண்ணீரைப் பிளந்துகொண்டு திரும்பியது. மழை குழந்தையின் முகத்தில் நேராக அடித்தது. அடிக்கட்டும், காற்று நல்ல காற்று, அடிக்கட்டும் என்று விட்டாள். கன்னத்தைத் தட்டினாள். பெயர் சொன்னாள். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது எஞ்சின் தடுமாறிற்று. சத்தம் ஒரு கணம் அறுந்தது.

"நிறுத்திடாதீங்க பாய்! நிறுத்திடாதீங்க!" என்று கமர் கத்தினாள். "நின்னுடக் கூடாது!"

"நிக்காது பாஜி. நீ துவா பண்ணு."

துவா செய்தாள். எதற்கு? இத்தனை நாள் எந்தப் புகையைக் கெடுதல் என்று கணக்கெழுதிக்கொண்டிருந்தாளோ, அதே புகையைக் கக்குகிற அந்த எஞ்சின் நின்றுவிடக் கூடாது என்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துவா செய்தாள். எஞ்சின் மறுபடி படபடத்தது. மார்பில் வைத்த அவள் உள்ளங்கைக்குக் குழந்தையின் மூச்சு சில சமயம் தட்டுப்பட்டது. சில சமயம் தட்டுப்படவில்லை. தட்டுப்படாத ஒவ்வொரு முறையும் அவள் செத்துப் பிழைத்தாள்.

மேட்டுப் பாங்கான ஒரு தெருவில், தரைத்தளத்தில் நாலு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. வாசலில் தண்ணீர் இல்லை. நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். சிலிண்டரை உருட்டி வந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் கப்பை வைத்தார்கள். டாக்டரம்மா என்ன நடந்தது என்று கேட்க, கமர் ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டரம்மா கண்ணின் பாவையைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே விட்டிருந்தீங்கன்னா..." என்று தொடங்கி, கமரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "பார்ப்போம். இப்படியே கொடுத்துட்டே இருப்போம்."

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம்? பிழைப்பாள் என்றா, இல்லை... கமர் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிலிண்டரின் உஸ்ஸென்ற சத்தம். ஈரத் துணியில் உடம்பு நடுங்கியது. மார்பு ஏறுகிறதா? ஏறுகிறது. இறங்குகிறதா? இறங்குகிறது. மறுபடி ஏறுமா? அதைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறு கணக்கு இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ, சிம்ரா உடம்பை முறுக்கினாள். கப்பைத் தள்ளிவிட்டு வாந்தி எடுத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு டாக்டரம்மா சிரித்தார். "அழட்டும், நல்லா அழட்டும்" என்றார். கமரும் அழுதாள். போன உயிர் திரும்பிவந்த அழுகை. அவளால் அதை நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் அவள் முயலவில்லை.

பிற்பாடு ஆஸ்பத்திரி போனிலிருந்து குடோனுக்குப் பேசி விசாரித்துவிட்டு, ராமானுஜத்தைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். 

"குழந்தை இப்போ பேசறாளா?" என்றார் ராமானுஜம்.

"பேசறா சார். குடோன்ல மத்தவங்களும் வெளியே வந்துட்டாங்க. நாகராஜ் சாரை வேற ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்களாம்."

"பெருமாளே." அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நான்தாம்மா சைபர் போடச் சொன்னேன்."

"நானும் சரின்னேனே சார்."

"பம்பாய்க்கு நாளைக்கு ஒண்ணும் போகாது. நீ ஆத்துல இருந்து குழந்தையைப் பாத்துக்கோ." பிறகு கேட்டார்: "அங்க என்ன சத்தம் அது? படபடன்னு?"

கமர் அப்போதுதான் காது கொடுத்தாள். வாசல் பக்கமிருந்து வந்தது. "எங்களைக் கொண்டுவந்து விட்ட வண்டி சார்" என்றாள். "நம்ம டேபிள்ல இல்லாத வண்டி."

போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்தாள். சிம்ரா கப்பை மூக்கில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்ததால் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே இனாயத் பாயின் வண்டி. நல்ல சேதி தெரியாமல் போக மனசில்லாமல் அந்த மனிதர் இவ்வளவு நேரமும் அங்கேயே காத்திருந்தார். கயிற்றில் கட்டிய சைலன்சர் மெல்லிய நீலப் புகையை ஜன்னலை நோக்கி விட்டுக்கொண்டிருந்தது.

"அம்மி" என்றாள் சிம்ரா, கப்புக்குள்ளிருந்து. "அந்த வண்டி ஓடுதா, நிக்குதா?"

"நிக்குது பேட்டா."

குழந்தை களைப்பாகக் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப முட்டை."

 கமர் ஜன்னலை அறைந்து சாத்தினாள். வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினாள். இனாயத் பாய் சுவரோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கா பேட்டி?" என்று பதறி எழுந்தார்.

"கண்ணைத் திறந்துட்டா பாய். பேசறா. உங்களாலதான்." அவர் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குனிந்து, டாங்கிக்கு அடியில் இருந்த பெட்ரோல் குழாயின் திருகைத் தேடி மூடினாள்.

"அய்யய்யோ பாஜி, என்ன பண்றே! நின்னா மறுபடி எடுக்காது!"

"எடுக்க வேணாம்."

"நான் எப்படி வூட்டுக்குப் போறது?"

"தள்ளிக்கிட்டுப் போங்க பாய். நானும் தெருமுனை வரைக்கும் தள்ளறேன்."

எஞ்சின் குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஓடியது. அப்புறம் நாலைந்து தரம் இருமியது. நின்றுவிட்டது. இனாயத் பாய் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்தார். கமர் அந்த அமைதியில், சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சிலிண்டர் உஸ்ஸென்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்தாள்.